குழந்தைக்கு ஆட்டிசமோ என்ற சந்தேகம் வந்தால்: முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்று சொன்னால் நம் வீடுகளில் கிடைக்கும் பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்", "இவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினாரு", "குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுட்டு வாங்க, சரியாயிடும்". மொட்டை போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. அதை நம்பி ஆறு மாதம் சும்மா இருந்துவிடுவதுதான் கெடுதல். பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று. ஆட்டிசம் இருந்து, தெரியாமல் போனால், பயிற்சிக்கு மிகவும் ஏற்ற வயது கைநழுவிவிடும்.

ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது.

பேச்சுக்கு முன்னால் விரலைப் பாருங்கள்

பேச்சுத் தாமதம் மட்டும் இருந்தால் அது ஆட்டிசம் ஆகிவிடாது. இரண்டு வகை அறிகுறிகள் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, பிறரோடு உறவாடுவதிலும் தன் மனத்தில் இருப்பதைத் தெரிவிப்பதிலும் உள்ள வேறுபாடு. இன்னொன்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்காதது, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது.

முதல் வகையைக் கண்டுபிடிக்க எளிய வழி, பிள்ளையின் சுட்டுவிரல். வானத்தில் விமானம் போகிறது. ஒன்றரை வயதுப் பிள்ளை அதைச் சுட்டிக்காட்டும். உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். மறுபடி விமானத்தைப் பார்க்கும். "நான் பார்த்ததை நீயும் பார்த்தாயா" என்று கேட்கும் பார்வை அது. சொல் ஒன்றுகூட வராவிட்டாலும் இந்தப் பார்வை இருந்தால் நல்ல அறிகுறி. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளிடம் இது தாமதமாகும், அல்லது வரவே வராது. ஃப்ரிட்ஜில் இருக்கும் பால் வேண்டுமென்றால் சுட்டிக்காட்டாமல், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் கதவின் கைப்பிடியில் வைக்கும். முகத்தைப் பார்க்காது.

12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலான நேரம் திரும்ப வேண்டும். டாட்டா காட்டுவது, கை நீட்டுவது போன்ற சைகைகளும் "பாபா, மாமா" என்ற மழலையும் அந்த வயதில் வந்திருக்க வேண்டும். 16 மாதமாகியும் ஒரு தனிச் சொல்கூட இல்லை, 24 மாதமாகியும் தானாக இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். முன்பு சொன்ன சொற்களோ, சிரிப்போ, விளையாட்டோ எந்த வயதில் மறைந்துபோனாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாம் வகை அறிகுறிகள் கண்ணுக்கு எளிதில் படும். காரை ஓட்டாமல் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பது, செருப்புகளை வரிசையாக அடுக்கி அதில் ஒன்றை நகர்த்தினால் அலறுவது, நுனிக்காலில் நடப்பது, மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது. பேசும் பிள்ளையாக இருந்தால் கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வதைக் கவனியுங்கள். பிஸ்கட் வேண்டுமென்றால் "பிஸ்கட் வேணுமா?" என்றே வந்து கேட்கும். உங்கள் கேள்வியையே தன் விண்ணப்பமாக வைத்திருக்கிறது என்று பொருள். அதைக் கேலி செய்யாமல் "பிஸ்கட் வேணும்" என்று சரியான வடிவத்தைச் சொல்லிக்கொண்டே கொடுங்கள்.

"கண்ணைப் பார்க்கிறானே, மடியில் வந்து உட்காருகிறாளே, அப்புறம் எப்படி ஆட்டிசம்?" என்று மருத்துவர்களே சில சமயம் கேட்பதுண்டு. பாசம் இருப்பதாலும் கண்ணைப் பார்ப்பதாலும் மட்டுமே ஆட்டிசம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பெண் பிள்ளைகள் பிறரைப் பார்த்து அப்படியே செய்து சமாளித்துவிடுவதால் அவர்களுக்குக் கண்டறிதல் பெரும்பாலும் தாமதமாகிறது.

மருத்துவரிடம் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

எம்-சாட் என்ற கேள்விப் பட்டியல் 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கானது. 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்ற பதில், இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு "ஆம்" என்றால் ஒரு புள்ளி. மற்ற எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் ஒரு புள்ளி. இதைக் கவனிக்காமல் கூட்டுபவர்கள் நிறைய. 0 முதல் 2 வரை என்றால் கவலை குறைவு. பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லையென்றால் ஆனபின் இன்னொரு முறை பாருங்கள். 3 முதல் 7 வரை என்றால் மருத்துவர் துணைக் கேள்விகள் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக முழுப் பரிசோதனை. எப்போதோ ஒரு முறை செய்ததை "ஆம்" என்று போட வேண்டாம். வழக்கமாகச் செய்கிறதா என்பதே கேள்வி. எந்தப் புள்ளி வந்தாலும் அது நோய்முடிவு ஆகாது.

அடுத்தது வீடியோ. புது இடத்தில், வெள்ளைக் கோட்டைப் பார்த்து அழும் பிள்ளையை வைத்து எந்த மருத்துவரும் அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று துண்டுகள் போதும்: தனியாக விளையாடுவது, பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைப்பது, இன்னொரு குழந்தையோடு இருப்பது. அழைக்கும்போது கைதட்டாதீர்கள், தோளைத் தொடாதீர்கள், பெயர் மட்டும். மூன்று முறை அழைத்து, ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடி விடுங்கள்.

காது பரிசோதனையைப் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். "டிவி விளம்பரச் சத்தத்துக்கு ஓடி வர்றானே, காதில் என்ன கோளாறு?" என்பார்கள். சில ஒலி அளவுகள் மட்டும் கேட்காத பிள்ளையும் விளம்பரத்துக்கு ஓடி வரும். பெரா என்ற பரிசோதனையில் ஒலி காதிலிருந்து மூளைத்தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்கள். முந்தைய இரவு தாமதமாகப் படுக்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வரும் வழியில் வண்டியில் தூங்கவிடாமல் கூட்டிவந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

யாரைப் பார்ப்பது

குழந்தை வளர்ச்சி மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், குழந்தை நரம்பியல் மருத்துவர் ஆகியோர் ஆட்டிசத்தைக் கண்டறிவார்கள். மதிப்பீடுகளை மருத்துவ உளவியலாளர் செய்வார். பயிற்சி தரும் சிகிச்சையாளர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் "ஆட்டிசம்தான்" என்று சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசு வழியில் போவதாக இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். டி.இ.ஐ.சி. என்றால் அங்கே தெரியும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் வருவதால் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள, நிப்மெட் என்று அழைக்கப்படும் மத்திய அரசு நிறுவனமும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே பிரிவு இருக்கிறது.

ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பிள்ளையைக் கவனித்தும் பெற்றோரிடம் விசாரித்தும்தான் முடிவுக்கு வருவார்கள். ஆகவே எடுத்த எடுப்பில் மூளை ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் எதற்கென்று கேளுங்கள். வலிப்பு போன்ற சந்தேகம் இருந்தால் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுப்பதில் நியாயம் இருக்கிறது; ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கண் ஓரிடத்தில் நிலைகுத்தி, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாத சில விநாடிகளை "அவன் உலகத்துல இருக்கான்" என்று விட்டுவிடாமல் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

அறிக்கையில் நிலை 1, 2, 3 என்று இருந்தால் அது இப்போதைக்கு எவ்வளவு உதவி தேவை என்பதைக் குறிக்கிறது. அறிவின் அளவுகோல் அதுவல்ல. வயதும் பயிற்சியும் கூடும்போது எண் மாறலாம்.

காரணம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் வீடுகளில் பழி முதலில் விழுவது தாயின் தலையில். 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபின் சில பத்தாண்டுகள் தாயின் பாசக்குறைவே காரணம் என்று மேலைநாட்டு மருத்துவர்களும் நம்பினார்கள். அது தவறென்று நிரூபணமாகிவிட்டது. மரபணுவின் பங்கு பெரிது. தடுப்பூசியைக் காரணம் காட்டி 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரையை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றது. செல்போனும் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் பேச வேண்டிய நேரத்தை அது தின்றுவிடும் என்பதால் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், அதற்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு இந்தப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

வீட்டுப் பயிற்சி: ஒரு பிஸ்கட்டில் எட்டுப் பாடம்

பரிசோதனைக்குத் தேதி கிடைக்க வாரங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆட்டிசம் இல்லையென்று பிறகு தெரிந்தாலும் கீழே சொல்வது எதுவும் வீணாகாது. பயிற்சி மையத்தில் கிடைப்பது வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை, முக்கால் மணி நேரம். மிச்சமுள்ள விழித்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில்தான்.

முதல் இலக்கு பேச்சு அல்ல, கேட்பது. தனக்கு வேண்டியதை இன்னொருவரிடம் கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும். கேட்பதற்கு முன்பே எல்லாம் கையில் வந்து சேரும் வீட்டில் இது நடக்காது. பாட்டி வீடுகளில் இது இன்னும் கஷ்டம்.

மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரியும் டப்பா ஒன்றில் பிடித்த பிஸ்கட்டைப் போட்டு, கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பிள்ளையால் திறக்க முடியாது; உங்களிடம்தான் வர வேண்டும். பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து உட்காருங்கள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். இந்த ஐந்து விநாடிதான் பெரியவர்களுக்கு மிகக் கடினம். பார்வையோ, கையோ, ஒரு சத்தமோ எது வந்தாலும் "திற" என்று ஒரே சொல்லைச் சொல்லி உடனே திறங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் பிள்ளையின் சுட்டுவிரலை மெல்லப் பிடித்து டப்பாவைத் தொடவைத்து, சொல்லைச் சொல்லித் திறங்கள். பிஸ்கட்டை முழுதாகக் கொடுக்காமல் எட்டுத் துண்டாக உடைத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தால் எட்டு வாய்ப்பு. பிள்ளை சலித்துக்கொள்ளும் முன் நீங்களே நிறுத்துங்கள். பசித்து அழும் நேரத்தில் இதைத் தொடங்கக் கூடாது.

ஊஞ்சலிலும் இதே வேலை. மூன்று முறை ஆட்டிவிட்டுப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேரே நின்று காத்திருங்கள். "ஆட்டு". குளியலில் தண்ணீர் ஊற்றும்போது "ஊத்து". வாக்கியம் வேண்டாம்; பிள்ளை இப்போது பேசும் அளவைவிட ஒரு சொல் மட்டும் கூடுதலாகப் பேசுங்கள். பேச்சே இல்லாத பிள்ளையிடம் ஒற்றைச் சொல், ஒற்றைச் சொல் பேசுவதிடம் இரண்டு சொல். "தா, திற, இன்னும், வேண்டாம், போதும்" இந்த ஐந்தும் முதல் மாதத்துக்குப் போதும். "வேண்டாம்" என்பதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மறுக்க வழி தெரியாத பிள்ளை தட்டைத் தூக்கி எறிந்துதான் மறுக்கும்.

பொதுவாக நடக்கும் தவறுகள் மூன்று. "இது என்ன? இது என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்று கேள்வியாகக் கேட்பது முதலாவது. அது பரீட்சை, கற்பித்தல் ஆகாது. "என்னைப் பார்" என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவது இரண்டாவது. பலருக்கு அது உண்மையிலேயே வேதனை. மூன்றாவது, இனி வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டுத் தமிழை விடுவது. இரு மொழிச் சூழல் ஆட்டிசப் பிள்ளைகளின் பேச்சைப் பின்னுக்குத் தள்ளுவதில்லை. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நீங்கள் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சுதான் குறையும்.

இரண்டு மூன்று மாதம் கழித்தும் சொல் வரவில்லையென்றால் பட அட்டைக்குப் போகலாம். பிள்ளையின் சொந்தத் தம்ளர், சொந்தப் பந்து இவற்றைப் படம்பிடித்து, இரண்டு அங்குலச் சதுரமாக லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டுங்கள். தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு எதிரே இருப்பார். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, பிள்ளை பந்தை நோக்கிக் கை நீட்டும்போது அந்தக் கையால் அட்டையை எடுத்து எதிரே இருப்பவரிடம் கொடுக்கவைப்பார். அட்டை கைக்கு வந்த கணமே "பந்து" என்று சொல்லிப் பந்தைத் தர வேண்டும். பின்னால் இருப்பவர் வாயே திறக்கக் கூடாது. எதிரே இருப்பவரும் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது, கேட்டால் பிள்ளை அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கப் பழகிவிடும். அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை; சிலருக்கு அட்டைக்குப் பின்தான் சொல்லே வருகிறது. பெரிய பிள்ளைகளுக்குச் சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகள் தமிழிலும் இருக்கின்றன.

அடம் என்று நாம் சொல்வது

கடையில் பில் போடும் இடத்தில் பிள்ளை தரையில் விழுந்து கத்துகிறது. சாக்லேட் வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம். ஸ்பீக்கர் சத்தமும் கூட்டமும் தாங்காமலும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், செய்ய வேண்டியதோ முற்றிலும் வேறு. அதனால் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது. இரண்டு வாரம் விடாமல் எழுதினால் காரணம் தானே வெளியே வரும்.

சாக்லேட் கிடைத்ததும் சட்டென்று நிற்கிறது என்றால் அது கேட்கும் முறை. வேறு முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கத்தலுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள். நிறுத்தியதும் முதல் சில நாள் கத்தல் கூடும், எதிர்பார்க்க வேண்டியதுதான். மூன்றாம் நாள் தாத்தா மனம் கேட்காமல் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்பதுதான் பாடமாகிறது. ஆகவே வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

எதைக் கொடுத்தாலும் நிற்காமல், காதைப் பொத்தி, உடம்பெல்லாம் விறைத்தால் அது தாங்க முடியாமை. அப்போது பாடம் நடத்த முடியாது. சத்தமில்லாத இடத்துக்குத் தூக்கிப் போங்கள், பேச்சைக் குறையுங்கள், தலை எங்கும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள். அடிப்பதால் ஒருபோதும் குறையாது. மிக்ஸி போடும் முன் சொல்லிவிடுவது, திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் காது மூடும் ஹெட்போன் எடுத்துவைப்பது, கூட்டமில்லாத நேரத்தில் கடைக்குப் போவது என்று முன்கூட்டிச் செய்வதெல்லாம் பலன் தரும். வழக்கம் மாறும் நாளில் "முதலில் ஊசி, பிறகு பார்க்" என்று இரண்டு படம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். பார்க் என்று காட்டிவிட்டால் போயே ஆக வேண்டும்.

ஒன்று கவனிக்கவும்: திடீரென்று தன்னையே அடித்துக்கொள்ளத் தொடங்கும் பிள்ளைக்குப் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொல்லத் தெரியாத வலி கோபமாகத்தான் வெளிப்படும்.

பணம் போகும் இடங்கள்

பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி, நடத்தைப் பயிற்சி என்று எல்லாவற்றிலும் ஒரே நாளில் சேர்த்துவிடாதீர்கள். பிள்ளைக்கு இப்போது எது தடையோ அதில் தொடங்குங்கள். மையத்தில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? மூன்று மாத இலக்கை எழுதித் தருவீர்களா? "பேச்சு மேம்படும்" என்பது இலக்கில்லை. "மூன்று பொருட்களை, பத்துக்கு எட்டு முறை, உதவியின்றிச் சுட்டிக்காட்டிக் கேட்பான்" என்பது இலக்கு. கதவைச் சாத்திக்கொண்டு பெற்றோரை வெளியே உட்காரவைக்கும் இடத்தில் நீங்கள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆட்டிசத்தையே நீக்கும் மருந்து இல்லை. கடுமையான எரிச்சல், தன்னைத் தாக்கிக்கொள்ளுதல் போன்றவற்றுக்கு ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் ஆகியவற்றை மனநல மருத்துவர் தேவைப்பட்டால் தருவார். எடை கூடுவதைக் கண்காணிக்க வேண்டும். ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சங்களில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே அதைப் பரிந்துரைக்கவில்லை என்றும், செய்வதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் நெறி மீறல் என்றும் அறிவித்துவிட்டது. உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் ஊசி உயிருக்கே ஆபத்து. அதிக அழுத்த ஆக்சிஜன் அறைக்கும் ஆட்டிசத்தில் பலன் நிரூபணமாகவில்லை. கோதுமையையும் பாலையும் நிறுத்தும் உணவுமுறைக்கும் போதிய ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நாலைந்து பண்டம் மட்டுமே சாப்பிடும் பிள்ளைக்கு அதில் இரண்டைப் பிடுங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

சான்றிதழ்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் இஸா என்ற இந்திய அளவுகோலால் மதிப்பிடுவார்கள்: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. பெற்றோர் சொல்வதை வைத்தும் மதிப்பெண் போடுவதால், அன்று மட்டும் பிள்ளையின் சாமர்த்தியங்களை அடுக்க வேண்டாம். வழக்கமான ஒரு நாள் எப்படி இருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நோட்டையும் வீடியோவையும் எடுத்துப் போங்கள்.

மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பிள்ளையின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறி இருப்பதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் உண்டு. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை சட்டப்படி உண்டு. 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும் நிரமயா காப்பீட்டுக்கும் இந்தச் சான்றிதழே அடிப்படை. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் காலவரையறையுள்ள சான்றிதழ்தான் தருவார்கள். முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள், மருத்துவக் குழு கூடும் நாட்கள் எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதில்லை.